காட்டுக்கு ஒரு கத்தி, 200 குரோனருக்குள்

ஐந்து ஆண்டுகளாக என் இடுப்பில் தொங்கும் கத்தியின் விலை 200 ஸ்வீடன் குரோனரை ஒட்டியது. ஸ்டாக்ஹோமில் இருவர் மதிய உணவுக்கு உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதலாகவே செலவாகும். காட்டில் தங்கி, விறகு சீவி, நெருப்பு மூட்டி, மரக்கரண்டி செதுக்கும் புஷ்கிராஃப்ட் பழக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கத்தியைப் பற்றித்தான். மடக்குக் கத்தி வேண்டாம், கைப்பிடியோடு அசையாமல் நிற்கும் அலகுள்ள கத்திதான் வேண்டும் என்பதுவரை அவர்களே தெரிந்துகொண்டு வருகிறார்கள். அதற்கு எவ்வளவு செலவழிப்பது, எதைப் பார்த்து வாங்குவது என்பதில்தான் திகைத்து நிற்கிறார்கள். ஸ்வீடனுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நின்று, பொருந்தாத கத்தி ஒன்றை வாங்கி அவதிப்பட்டேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த முதல் கத்தியைப் படத்தைப் பார்த்தே வாங்கினேன். அலகின் தடிமன் 5 மி.மீ.; முதுகில் ரம்பப் பற்கள்; உள்ளே கூடாக இருந்த கைப்பிடியில் தூண்டில் நரம்பும் தீக்குச்சியும் வைத்துக்கொள்ள இடம். விலை 900 குரோனர். கையில் எடுத்தபோது அதன் கனமே ஒரு தைரியத்தைக் கொடுத்தது. அந்த அக்டோபரில், அலுவலக நண்பர் ஒருவருடன் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே செல்லும் சோர்ம்லாண்ட்ஸ்லேடன் என்ற நெடும்பாதையில் இரண்டு நாள் நடந்தோம். மாலையில் நாங்கள் தங்கிய இடம், மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த மரச் சாய்ப்பு. எதிரில் கல் அடுக்கிய நெருப்பிடம். முந்தைய இரவிலிருந்து மழை பெய்துகொண்டிருந்ததால் தரையில் கிடந்த சுள்ளிகள் எல்லாம் ஊறிப்போயிருந்தன. இப்படிப்பட்ட நாளில் ஒரே வழிதான் உண்டு. பட்டுப்போன பைன் மரத்தின் கட்டையைப் பிளந்து, உள்ளே காய்ந்திருக்கும் வைரத்தை எடுத்து, அதன் நுனியில் மெல்லிய சுருள்களைச் சீவிச் சீவி, அவை உதிராமல் குச்சியிலேயே பூப்போல நிற்கும்படி செய்து, அந்தச் சுருள்களில் நெருப்பைப் பற்றவைக்க வேண்டும்.

என் கத்தியால் ஒரு சுருள்கூட எடுக்க முடியவில்லை. அலகின் விளிம்பைக் குச்சியின் மேல் வைத்துத் தள்ளினால் ஒன்று வழுக்கிக்கொண்டு போயிற்று, இல்லையென்றால் ஆழமாக இறங்கித் துண்டாகச் சிராய் பெயர்ந்தது. அரை மணி நேரம் முயன்றதில் உள்ளங்கையில் கொப்புளம் வந்ததோடு, கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலிருந்த இணைப்பு ஆடவும் தொடங்கியது. அறுபதை நெருங்கிய அந்த நண்பர் ஒன்றும் சொல்லாமல் தம் கத்தியை உறையோடு நீட்டினார். சிவப்புச் சாயம் தேய்ந்த பிர்ச் மரக் கைப்பிடி. பல ஆண்டுகள் தீட்டியதில் அகலம் குறைந்து ஒல்லியாகிவிட்ட அலகு. கூரின் சரிவைக் குச்சியின் மேல் படியவைத்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து மெல்லத் தள்ளும்படி சொன்னார். முதல் தள்ளலிலேயே விரலளவு நீளத்துக்கு ஒரு சுருள் எழுந்து, தாள்போல மடங்கி, குச்சியின் நுனியில் நின்றது. விளக்கொளியில் பிடித்தபோது அதன் ஊடே வெளிச்சம் தெரிந்தது; பைன் பிசினின் வாசம் விரலில் ஒட்டிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு சுருள்கள் சேர்ந்ததும் தீப்பொறி பற்றிக்கொண்டது.

அன்றிரவு எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. உடன்குடிப் பக்கம் பனை ஏறியவர் அவர். இடுப்பில் கட்டிய அருவாப்பெட்டியில் எப்போதும் இரண்டு அரிவாள்கள் இருக்கும்: மட்டையும் ஓலையும் கழிக்க ஒன்று, பாளை சீவ ஒன்று. பாளை அரிவாளின் விளிம்பு அவ்வளவு மெல்லியது. ஒவ்வொரு நாளும் பாளையின் நுனியில் தாள் கனத்துக்குச் சீவினால்தான் பதநீர் சொட்டும். ஆழமாக இறங்கினால் பாளை வீணாகும். அந்த அரிவாளால் மட்டையை வெட்ட வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது. சிறு வயதில் இதையெல்லாம் கண்முன்னே பார்த்திருந்தும், கத்தி வாங்கும் வேளையில் எனக்கு அது தோன்றாமல் போயிற்று. கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் நான் சொல்ல விரும்புவது ஏறக்குறைய முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது: காட்டில் கத்தி செய்கிற வேலையில் பெரும்பகுதி சீவுவதும் செதுக்குவதும்தான். அதற்கு ஏற்ற மெல்லிய அலகும், நாமே தீட்டிக்கொள்ளக்கூடிய விளிம்பும் இருந்தால் போதும். கனமும் பருமனும் கோடரியின் குணங்கள்.

அலகின் தடிமன் 2 முதல் 3.2 மி.மீ. வரை, நீளம் 9 முதல் 11 செ.மீ. வரை, இந்த அளவுக்குள் நின்றால் பெரும்பாலும் தவறாது. உள்ளங்கையின் அகலத்தைவிட அலகு அதிகம் நீண்டால் நுனி எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியாமல் போகும். தடிமனைவிடவும் முக்கியமானது விளிம்பின் சரிவு. வீட்டுச் சமையல் கத்தி முதுகிலிருந்தே மெல்லியதாக இறங்கிவந்து, கடைசியில் ஒரு சிறு சரிவோடு கூராக முடியும். ஸ்காண்டிநேவியக் கத்திகளில் அலகின் மேற்பகுதி தட்டையாகவே இருக்கும். கீழே மூன்றில் ஒரு பங்கு உயரத்திலிருந்து இருபுறமும் அகலமான ஒரே சரிவு தொடங்கி நேராகக் கூர்முனைவரை இறங்கும். இரண்டு பக்கச் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 25 பாகை. இதை ஸ்காண்டி கிரைண்ட் என்று பொதுவாக அழைக்கிறார்கள். இந்த அகலமான சரிவு மரத்தின் மேல் உளியைப்போலப் படிந்து உட்காருவதால், எவ்வளவு ஆழம் வெட்டுகிறோம் என்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. நண்பரின் கத்தி என் கையில் உடனே வேலை செய்ததன் காரணம் இதுதான். குறையும் உண்டு: கேரட்டையோ உருளைக்கிழங்கையோ நறுக்கினால் கடைசியில் ஆப்பு இறங்கியதுபோலப் பிளந்துகொள்ளும். காட்டுச் சமையலில் அதை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

நண்பரின் கத்தி வந்த ஊர், தாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரிக்கரையில் உள்ள மோரா. எழுத்தில் மோரா என்றாலும் ஸ்வீடன்காரர்கள் வாயில் அது மூரா. அங்கே எஸ்ட்நூர் என்ற கிராமம் நெடுங்காலமாகவே கைத்தொழிலுக்குப் பெயர் பெற்றது; வீடுகளில் நிறுத்திவைக்கும் உயரமான மோராக் கடிகாரங்களும் அந்தக் கிராமத்திலிருந்து வந்தவைதான். வட அமெரிக்காவில் நான்கு ஆண்டுகள் வேலை செய்துவிட்டு 1891இல் ஊர் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சோன் அங்கே மரம் இழுக்கும் சறுக்குவண்டிகளைச் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். அந்தப் பட்டறை வேலைக்காகச் செய்துகொண்ட கத்திகளே பிறகு தனித்தொழிலாக வளர்ந்தன. 1912இல் அதே ஊரில் க்ரோங் யூஹான் எரிக்சோன் இன்னொரு கத்திப் பட்டறையைத் தொடங்கினார். இரண்டும் 2005இல் ஒன்றாயின. இன்று மோராக்னிவ் என்ற பெயரில் வருபவை அவற்றின் வழிவந்த கத்திகள். இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவை தச்சர்களும் மின்பணியாளர்களும் மீனவர்களும் நாள் முழுக்கப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டு அடுத்ததை வாங்கிக்கொள்ளும் வேலைக் கத்திகள். கட்டுமானப் பொருள் விற்கும் கடைகளில் ஆணிக்கும் அளவு நாடாவுக்கும் பக்கத்திலேயே தொங்கும். எஃகுத் தகட்டிலிருந்து ஒரே அளவில் வெட்டி, பதப்படுத்தி, வார்த்த பிளாஸ்டிக் கைப்பிடியில் பொருத்துகிறார்கள். செலவு குறைவது அங்கேதான்; எஃகிலோ பதத்திலோ குறைவைப்பதில்லை.

இவற்றில் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது, என் இடுப்பிலும் தொங்கும் கம்பேனியன் என்ற வகை. அலகு 10.4 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. தடிமன். அதே கத்தி 3.2 மி.மீ. தடிமனில் ஹெவி டியூட்டி என்ற பெயரிலும் கிடைக்கிறது. விறகைப் பிளப்பதே பெரும்பாலான வேலை என்கிறவர்கள் அதை எடுக்கலாம். ஆனால் கரண்டி செதுக்கும் ஆசை இருப்பவர்கள் மெல்லியதிலேயே நிற்பது நல்லது. கையில் பணம் மிகக் குறைவென்றால் பேசிக் 511 அதைவிடவும் மலிவு. அலகு ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகக் குட்டை, தடிமன் 2 மி.மீ. என் இரண்டாவது கத்தி அதுதான். இன்றும் காளான் பறிக்கப் போகும்போது அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எஃகைப் பற்றி இணையத்தில் நடக்கும் வாதங்களுக்கு முடிவே இல்லை. வாங்குகிறவர் எடுக்கவேண்டிய முடிவு எளியது: துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா? கம்பேனியனின் துருப்பிடிக்காத அலகு, 12சி27 எனப்படும் ஸ்வீடன் எஃகு. அதில் கார்பன் சுமார் 0.6 விழுக்காடு, குரோமியம் சுமார் 13.5 விழுக்காடு. கார்பன் அலகில் கார்பன் 1 விழுக்காட்டை ஒட்டியிருக்கும், குரோமியம் பெயரளவுக்குத்தான். கார்பன் அலகு சற்றுக் கூடுதல் கடினமாகப் பதப்படுத்தப்படுவதால் கூர் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும், கல்லிலும் விரைவில் கூர் ஏறும். ஆனால் ஈரத்தோடு உறைக்குள் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் செம்புள்ளிகள் தெரியும். வெங்காயமோ எலுமிச்சையோ பட்டால் நீலமும் கருப்புமாகக் கறை ஏறும். அந்தக் கறை கெடுதல் அல்ல, துருவை ஓரளவு தடுக்கவே செய்கிறது. நம் வீட்டு இரும்பு அரிவாள்மனையைத் துடைத்து, எண்ணெய் தடவி வைத்துப் பழகிய கைக்குக் கார்பன் அலகு சுமையாக இராது. அப்படிப் பழக்கம் இல்லாதவர்களும், கடற்கரையிலோ படகிலோ பயன்படுத்துகிறவர்களும் துருப்பிடிக்காததையே வாங்கட்டும். கார்பன் எஃகில்தான் தீப்பொறி வரும் என்று சொல்லிக் கார்பன் அலகையே தலையில் கட்டுவார்கள். அது பாதி உண்மை. சிக்கிமுக்கிக் கல்லில் உரசிப் பொறி எழுப்பக் கார்பன் எஃகு வேண்டும். இன்று எல்லோரும் வைத்திருக்கும், ஃபெரோ கோல் என்ற தீமூட்டும் உலோகக் கோலில் பொறியாகத் தெறிப்பது அந்தக் கோலின் உலோகமே. அதைச் சுரண்டக் கூர்மையான ஒரு விளிம்பு இருந்தால் எந்த எஃகானாலும் போதும்.

அந்த விளிம்பு கத்தியின் முதுகில் இருக்கவேண்டும், கூரில் அல்ல. கூரை வைத்துச் சுரண்டுகிறவர்கள் ஒரே மாலையில் கத்தியைப் பாழாக்கிவிடுகிறார்கள். வழக்கமான கம்பேனியனின் முதுகு ஓரம் மழுங்கலாக இருக்கும். பெருவிரலை வைத்து அழுத்திச் செதுக்க அதுவே வசதி. நான் முதுகின் அடிப்பகுதியில், கைப்பிடியை ஒட்டி 3 செ.மீ. நீளத்துக்கு மட்டும், தட்டையான அரத்தால் செங்கோணமாகத் தேய்த்துக்கொண்டேன். பெருவிரல் உட்காரும் இடம் வழவழப்பாகவே இருக்கிறது.

இனிக் காம்பு. அலகின் எஃகு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதையே காம்பு என்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் பலரும், கைப்பிடியின் கடைசிவரை அதே அகலத்தில் எஃகு செல்லும் முழுக்காம்புக் கத்தியைத்தான் வாங்கவேண்டும் என்று புதியவர்களிடம் அழுத்திச் சொல்கிறார்கள். கத்தியை விறகின் தலையில் வைத்து, முதுகில் ஒரு கட்டையால் தட்டிப் பிளக்கும்போது காம்பு குட்டையாக இருந்தால் முறியும் என்பது அவர்களுடைய அச்சம். கம்பேனியனின் காம்பு கைப்பிடிக்குள் பாதி தூரத்துக்கு மேல் இறங்கி நின்றுவிடுகிறது. அதைக்கொண்டு ஐந்து ஆண்டுகளில் நான் பிளந்த விறகுக்குக் கணக்கில்லை. மணிக்கட்டுப் பருமனுக்குட்பட்ட, கணு இல்லாத, நேர்வரி ஓடும் கட்டைகளை மட்டுமே பிளந்தேன். கணுவுள்ள கட்டையை மெல்லிய கத்தியால் அடித்துப் பிளப்பது எந்தக் காம்புக்கும் செய்கிற கொடுமை. அப்படிப் பிளந்தே ஆகவேண்டிய நிலை வந்தால் ஒரு சிறு மரஆப்பைச் செதுக்கி, கத்தியால் போட்ட வெடிப்பில் அதைச் சொருகி அடிப்பேன். கத்திக்கு நோவு வராது. முழுக்காம்பு இல்லாமல் மனம் கேட்காதவர்களுக்கு அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது: 3.2 மி.மீ. தடிமன், 14சி28என் என்ற துருப்பிடிக்காத எஃகு. நல்ல கத்திதான். விலையோ கம்பேனியனைப்போலப் பல மடங்கு. அந்தப் பணத்தில் கம்பேனியன் ஒன்றும், மடக்கு ரம்பம் ஒன்றும், நல்ல தீட்டுக்கல் ஒன்றும் வாங்கி மீதியும் வைக்கலாம். இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற வேலையை எந்த ஒற்றைக் கத்தியும் செய்யாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றும் சொல்லவேண்டும். கைப்பிடியின் ஓரமெங்கும் எஃகு வெளியே தெரியும்படி செய்த முழுக்காம்புக் கத்திகளை ஜனவரியில், சுழியத்துக்குக் கீழே 15 பாகைக் குளிரில், வெறுங்கையால் பிடித்துப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் கைப்பிடியின் அருமை தெரியும்.

மோரா மட்டும்தானா என்றால், இல்லை. பின்லாந்தின் வடபகுதியில் ரோவனியெமியில் 1928 முதல் இயங்கும் மார்ட்டீனி நிறுவனத்தின், பூக்கோ எனப்படும் பின்லாந்து மரபுக் கத்திகள் பிர்ச் மரக் கைப்பிடியும் தோலுறையுமாக அழகானவை. செதுக்குவதற்கு அருமையாக இருக்கும். பழைய முறைப் பூக்கோவில் விரல் முன்னோக்கி வழுக்காமல் தடுக்கும் புடைப்பு இருப்பதில்லை. ஆகவே குத்தித் திருகும் வேலைக்குப் புதியவர்கள் அதை எடுக்கவேண்டாம். எல் சால்வடோரில் செய்யப்படும், காண்டோர் நிறுவனத்தின் புஷ்லோர் கத்தி, 1075 கார்பன் எஃகில் மரக் கைப்பிடியோடும் முழுக்காம்போடும் வருகிறது. மோராவைவிட விலை கூடுதல் என்றாலும், காம்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குக் கார்பெர்க்கைவிட மலிவான வழி அது. கடையில் எந்தப் பெயரைப் பார்த்தாலும், எஃகின் பெயரும் அலகின் தடிமனும் குறிப்பிடாத கத்தியை நான் தொடுவதில்லை.

வண்ணத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, நான் எண்ணுகிறேன். பச்சைக் கைப்பிடியுள்ள கத்தியைப் பாசிமேல் வைத்துவிட்டு எழுந்தால் அது மறைந்துபோகும். என்னுடையது ஆரஞ்சு. உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் கத்தி விழக்கூடாது. உறையின் அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கவேண்டும்.

கத்திக்கு ஆகும் செலவைப்போலவே இன்னொரு பங்கைத் தீட்டுக்கல்லுக்கு ஒதுக்கிவைக்கச் சொல்வேன். ஒருபுறம் சொரசொரப்பான 400, மறுபுறம் நுண்ணிய 1000 எண் கொண்ட இரட்டைக்கல் போதும். ஸ்காண்டிச் சரிவின் பெரிய வரம் இங்கேதான் தெரியும்: எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம். நனைத்த கல்லில் அகலமான சரிவை வைத்து விரலால் மெல்ல அழுத்தினால், அது தானே தட்டையாகப் படிந்து உட்காரும். படியும்போது சரிவுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து தண்ணீர் மெல்லிய கோடாக வெளியே வரும். அந்தக் கோடு கூரின் நீளம் முழுக்கத் தெரிந்தால் கோணம் சரி. அடியிலிருந்து நுனிவரை, நுனியின் வளைவில் கைப்பிடியைச் சற்றே உயர்த்தியபடி, மறுபுறத்தில் விரலுக்குத் தட்டுப்படும்படி பிசிறு எழும்வரை ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு, பிறகு மறுபக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இருபது முறை இழுத்தால் பிசிறு போய்விடும். நியூஸ்பேப்பர் தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்ப்பேன். கிழியாமல் சீராக இறங்கினால் நிறுத்திக்கொள்வேன். புதுக் கத்தியில் தொழிற்சாலையிலேயே கூரின் ஓரத்தில் மயிரிழையளவு இரண்டாவது சரிவு இருப்பதுண்டு. முதல் சில முறை தீட்டும்போது கூர் ஏறவில்லையே என்று தோன்றினால் காரணம் அதுவாக இருக்கும், பொறுமையாகத் தொடர்ந்தால் மறைந்துவிடும். சாணைச் சக்கரத்துக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம். தீப்பொறி பறக்கும் அந்தச் சூட்டில் விளிம்பின் பதம் போய்விடும். பதம் போன எஃகில் ஏற்றிய கூர் ஒரு மாலைகூட நிற்காது.

ஸ்வீடனில் இருப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்திருக்கவேண்டும். 1988ஆம் ஆண்டின் கத்திச் சட்டப்படி பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருக்கக் கூடாது. காட்டுக்குப் போவது தக்க காரணமே; ஆனாலும் சுரங்க ரயிலில் இடுப்பில் தொங்கவிட்டுப் போகாமல், உறையோடு முதுகுப்பையின் அடியில் வைத்துக்கொண்டு, காட்டு வழி தொடங்கும் இடத்தில் நான் எடுத்துக் கட்டிக்கொள்கிறேன். பிறர் நிலத்திலும் நடக்கவும் ஓரிரவு தங்கவும் இடம் தரும் இந்நாட்டின் பொதுமக்கள் உரிமை, உயிருள்ள மரத்தின் கிளையை ஒடிக்கவோ பட்டையை உரிக்கவோ இடம் தருவதில்லை. விழுந்து கிடக்கும் சுள்ளிகளே நமக்கு உரியவை. கோடையில் தீத்தடை அறிவித்திருந்தால் விறகு நெருப்பை மறந்துவிடவேண்டும். 2018 கோடையில் இங்கே எரிந்த காடுகளைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இப்போது என் மகளுக்கும் ஒரு கத்தி வந்திருக்கிறது. இங்கே பள்ளியில் கைவேலை ஒரு கட்டாயப் பாடம். மரத்தில் வெண்ணெய்க் கத்தி செதுக்குவதிலிருந்தே பல பிள்ளைகளுக்கு அது தொடங்குகிறது. அவளுடைய கத்திக்கு முனை மழுங்கல், விரலுக்கு முன்னால் பெரிய தடுப்பு. செதுக்கும்போது முழங்கையைத் தொடைக்கு வெளியே வைக்கவேண்டும், கத்தி எப்போதும் உடம்பிலிருந்து விலகியே போகவேண்டும், எழுந்து நடக்குமுன் உறையில் போடவேண்டும் என்ற மூன்றையும் அவளே எனக்குச் சொல்லிக்காட்டுகிறாள். முதலில் செதுக்கிய வெண்ணெய்க் கத்தி கழுத்தில் மெலிந்து உடைந்துபோயிற்று. இரண்டாவதை மரவரியின் குறுக்கே வெட்டியதால் அதுவும் நிற்கவில்லை. மூன்றாவதுக்குப் புயலில் சாய்ந்த பிர்ச் மரத்திலிருந்து நேர்வரி ஓடும் துண்டைத் தேடி எடுத்துவந்து, சமையலறை மேசையில் காயவைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடங்குவாள், அதற்குமுன் சனிக்கிழமை மாலை இருவருடைய கத்தியையும் தீட்டவேண்டும்.